வினை என்னுஞ் சொல்லும் அதன் பயனும்

வினை என்பது செய்தற்றொழிலைக் குறித்த பழந்தமிழ்ச் சொல். செய்தவனை மீண்டு வந்து எய்தும் பயனும் அச்சொல்லானே வழங்கும். காரணத்தின் பெயர் காரியத்திற்கு ஆகி வந்தமையின் இஃது ஆகுபெயராம். இவ்விரு பொருளையும் வேறு பிரித்துணராமையே வினையைப் பற்றி உலகில் வழங்கும் பிழையுரைகள் பலவற்றிற்கும் வித்தாயிற்று.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வினையியல் என ஓரியல் வகுத்தார். ஆண்டு அச்சொல் இலக்கணக் குறியீடு. அவரே மரபியலில் முதனூல் செய்தோனை வினையின் நீங்கியவனாகக் கூறுமிடத்து அஃது உயிரைப் பற்றிய இருவினையைச் சுட்டிற்று. பயனை வரையறுக்கும் ஆணைக்கோ 'பால்' என்னும் வேறு சொல்லை ஆண்டார்.

திருக்குறளில் இவ்வேறுபாடு இன்னும் விளக்கமுறும். வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்னும் அதிகாரங்களில் வினையாவது ஒருவன் மேற்கொள்ளும் தொழிலே. பயனை முறைப்படுத்தும் நியதிக்கு 'ஊழ்' எனப் பெயரிட்டு 38-ஆம் அதிகாரத்தைத் தனியே நிறுத்தினார் நாயனார். ஆண்டு அதன் வலியை அத்துணை வற்புறுத்தியவர், 62-ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையில், தளராது முயல்வார் அவ்வூழையும் புறங்காண்பர் என்றார். ஊழின் எதிர்நிற்பதும் ஒரு வினையே என்பது அவ்வதிகாரப் பெயரானே போதரும். அதனை மறந்து ஊழதிகாரத்தை மட்டும் ஓதுவார் பலர்.

சிலப்பதிகாரம் இரு சொற்களையும் இணைத்து 'ஊழ்வினை' என்றது. அங்கே வினை தானே உருத்து வந்து பயனை ஊட்டும், வினையே எழுவாய். சைவநூல்களில் ஊட்டுவோன் இறைவன். வினை சடமாதலின் செய்தவனை நாடிச் சென்று பற்றமாட்டாது; அறிந்து கூட்டுவானொருவன் வேண்டும் என்பது பின்னர் எழுந்த சிவஞான சித்தியாரின் துணிபு. எழுவாய் மாறவே பொருளும் மாறிற்று. துன்பம், மகவைத் தந்தைதாயர் ஒறுக்கும் ஒறுப்புப் போல்வதாயிற்று.

இதற்குச் சான்று 7-ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. கொடிமாடச்செங்குன்றூரில், அஃதாவது இன்றைய திருச்செங்கோட்டில், அடியார்கள் குளிர்சுரத்தால் நலிந்தபோது ஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் அருளினார் என்பது பெரியபுராணம். முன்வினைக்கு இத்துன்பம் என்று சொல்லிவிட்டு உய்யும் நெறி நாடாதிருத்தல் இழிவன்றோ என்பதே அதன் தொடக்கத்துக் கருத்து. ஆண்டு 'வினை' ஒருமுறை செயலுக்கும் ஒருமுறை பயனுக்கும் நின்றது. பிள்ளையார் வினைக்கொள்கையை மறுத்தாரல்லர். அதனைக் கூறி வாளா இருத்தலை மறுத்தார். அப்பதிகத்தில் செய்த வினை என்னும் பொருட்டாய் வரும் 'செய்வினை' என்னுஞ் சொல், பிற்காலத்தே சூனியக்காரர் தொழிலுக்குப் பெயரானது இரங்கத்தக்கது.

1313-ல் சங்கற்ப நிராகரணம் இயற்றிய உமாபதி சிவனார், தம் திருவருட்பயனில் ஏன்ற வினை, ஏறும் வினை எனத் தமிழ்ப்பெயரானே பிரித்தோதினார். ஏன்றது பிராரத்தம்; இப்பிறப்பில் நுகரப்படுவது. ஏறுவது ஆகாமியம், நுகருங்கால் புதிதாக ஈட்டப்படுவது. நுகரப்படாது கட்டுண்டு கிடக்கும் எஞ்சியது சஞ்சிதம். சஞ்சிதம் தீக்கையானும், பிராரத்தம் நுகர்ச்சியானும், ஆகாமியம் ஞானத்தானும் கழியும் என்பது மரபு. உலகர் 'தலைவிதி' என்பது இம்மூன்றனுள் பிராரத்தம் ஒன்றனையே தழுவும். பிணியாளனைக் கண்டு 'அவன் கன்மம்' என்று கடந்து போவான், பிறன் பிராரத்தத்தைப் பேசிக்கொண்டே தன் ஆகாமியத்தை ஈட்டுகின்றான்.

'இருவினையொப்பு' என்னுந் தொடரும் இவ்வாறே பிறழ உணரப்பட்டது. நல்வினையும் தீவினையும் துலாக்கோலிற் போல நிறை ஒத்தல் என்று பொருள்கொண்டாரும் உளர். 1785-ல் இறைவனடி சேர்ந்த மாதவச் சிவஞான முனிவர் அதனை ஏலாது, இருவினையினும் அவற்றின் பயனினும் ஒன்றில் விருப்பும் ஒன்றில் வெறுப்புமின்றி உயிரின் அறிவு ஒருபடித்தாய் நிற்றலே ஒப்பு என்று விளக்கினார். அவருரைப்படி ஒப்பு வினையின் நிறைக்கன்று. நுகரும் உயிரின் அறிவுக்கேயாம்.