‘பியே கான்சியோனெஸ்’ தொகுப்பும் கிறிஸ்துமஸ் பாடல் மரபும்

கிறிஸ்து பிறப்பு விழாவில் பாடப்பெறும் இலத்தீன் பாடல்களும் ஆங்கிலக் கரோல்களும் தொன்றுதொட்டு இடையறாது வழங்கிவருபவை என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. அவற்றின் ஈர்ப்புக்கு அத்தொன்மையே காரணம் என்பாரும் உளர். இக்கருத்து மறு ஆய்வுக்குரியது என நாம் கருதுகிறோம். 1582ஆம் ஆண்டு, இன்றைய ஜெர்மனியில் உள்ள கிரைஃப்ஸ்வால்ட் நகரில் அச்சேறிய ‘பியே கான்சியோனெஸ்’ (பக்திப் பாடல்கள்) என்னும் தொகுப்பு இதற்குத் தக்க சான்றாகும்.

பெரும்பாலும் இலத்தீனில் அமைந்த 74 பாடல்களைக் கொண்ட இந்நூல், அக்காலத்தில் சுவீடன் அரசுக்கு உட்பட்டிருந்த பின்லாந்தின் துர்க்கு நகரப் பேராலயப் பள்ளியோடு தொடர்புடையது. பள்ளித் தலைவர் யாக்கோபுஸ் பின்னோ பாடல்களைத் திருத்தினார். பின்லாந்து மாணவர் தியோதோரிக்குஸ் பெத்ரி அவற்றை அச்சேற்றினார். நாடு அதற்கு முன்னரே லூத்தரன் சமயத்தைத் தழுவியிருந்தது. எனவே மரியாளைப் போற்றிய இடங்கள் சில கிறிஸ்துவைப் போற்றுவனவாக மாற்றப்பெற்றன. பழமை இங்கு மாற்றத்தின் வழியாகவே காக்கப்பட்டது எனலாம். 1616இல் இத்தொகுப்பின் பின்னிய மொழிபெயர்ப்பும் வெளிவந்தது.

இங்கிலாந்தின் கதை வேறு. சுவீடனில் பிரிட்டிஷ் தூதராயிருந்த கோர்டன் என்பவர் வழியாக இந்நூலின் அரிய படியொன்று 1853ஆம் ஆண்டளவில் ஜான் மேசன் நீல் என்னும் குருவானவரின் கைக்கு எட்டியது. பழைய இசைக் குறியீட்டை தாமஸ் ஹெல்மோர் பெயர்த்தெழுத, நீல் அம்மெட்டுகளுக்கு ஆங்கிலப் பாடல்களை இயற்றினார். ‘இன் துல்சி யுபிலோ’ என்பது இலத்தீனும் மக்கள் மொழியும் விரவிய, நம் மணிப்பிரவாளத்தை நினைவூட்டும் பழம்பாடல். அதில் இரு சுரங்களின் கால அளவை ஹெல்மோர் பிழையாகக் கொண்டமையால், நீல் கூடுதல் சொற்களைச் சேர்க்க நேர்ந்தது. அப்பிழையும் பின்வந்த பல பதிப்புகளில் மரபாக நிலைத்துவிட்டது!

‘குட் கிங் வென்செஸ்லாஸ்’ இன்னும் வியப்புக்குரியது. பத்தாம் நூற்றாண்டுப் பொஹீமியக் கோமகன் ஒருவரைப் பற்றிய இப்பனிக்காலப் பாடலின் மெட்டு, அத்தொகுப்பில் இளவேனிற் பாடலொன்றுக்கு உரியது. 1928இல் வெளிவந்த ‘ஆக்ஸ்போர்டு கரோல் நூலின்’ பதிப்பாசிரியர்கள் நீலின் சொற்களைக் கடிந்து, அவை வழக்கொழிந்து வேனிற் பாடல் மீளவேண்டும் என விரும்பினர். அறிஞர் விருப்பம் நிறைவேறவில்லை. மக்கள் இன்றும் நீலின் பாடலையே பாடுகின்றனர். மெட்டின் பிறப்பிடத்தைப் பாடுவோர் பொருட்படுத்துவதில்லை என்பதைத் தமிழ்க் கீர்த்தனை மரபை அறிந்தோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–65) பின்னர்க் கத்தோலிக்க வழிபாடு பெரும்பாலும் தாய்மொழிகளுக்கு மாறியது. அதன்பின் பத்தாண்டு கழிவதற்குள், 1973இல், இதே தொகுப்பின் ‘கௌதேத்தே’ என்னும் இலத்தீன் பாடலை ‘ஸ்டீலை ஸ்பான்’ குழுவினர் பக்க இசையின்றிப் பாடி, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 14ஆம் இடம்வரை கொண்டுசென்றனர். பொருள் விளங்காத மொழியின் மறைபொருள் தன்மையே இத்தகைய பாடல்களின் கவர்ச்சி என விளக்குவது எளிது. ஆயின் அது பிற்காலக் கவர்ச்சியே. வீடுதோறும் பாடிப் பொருள் திரட்டிக் கல்விச் செலவை ஈடுசெய்த பழைய பள்ளி மாணவர்க்கு இலத்தீன் மறைமொழி அன்று. நாள்தோறும் பயின்ற வகுப்பறை மொழி.