செங்கல்பட்டு மாவட்டம்: வயதுக் கட்டமைப்பின் வரலாறு

ஒரு மக்கள்தொகையில் சிறுவர், உழைக்கும் வயதினர், முதியோர் ஆகியோர் எந்தெந்த அளவில் இருக்கிறார்கள் என்பதே அதன் வயதுக் கட்டமைப்பு. பிறப்பும் இறப்பும் மிகுந்த காலத்தில் அதை வரைந்து பார்த்தால், மாமல்லபுரத்துத் தருமராச ரதம் போல அடி அகன்று, தளந்தோறும் குறுகி நிற்கும். பிறப்பு குறையக் குறைய அடி ஒடுங்கி இடை பருத்துப் பானையின் வடிவம் வந்துவிடும். பிரான்சில் 65 வயதைத் தாண்டியோரின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 ஆவதற்கு 115 ஆண்டுகள் பிடித்தன. ஜப்பானுக்கு 24 ஆண்டுகளே போதுமாயின. தமிழ்நாட்டின் நடை ஜப்பானை ஒட்டியது. ஜப்பானின் செல்வம்தான் இங்கே இல்லை.

1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் தாமஸ் பர்னார்டு, ஆர்க்காட்டு நவாபு கம்பெனிக்குக் கொடுத்த செங்கல்பட்டு ஜாகீரின் ஊர்களை அளந்து வீடுகளையும் சாதிகளையும் ஏரிகளையும் கணக்கெடுத்தார். வயது அவருக்குத் தேவைப்படவில்லை. 1871 கணக்கெடுப்பில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 9.38 லட்சம் பேர் இருந்தனர். அடுத்து வந்தது தாது வருஷப் பஞ்சம் (1876–78). பஞ்சத்தில் முதலில் மடிவோர் குழந்தைகளும் முதியோருமே, பிறப்பும் அருகிவிடும். 1881இல் தொகை 9.81 லட்சத்தை மட்டுமே எட்டியது. அக்காலப் பதிவுகளில் உள்ள வயதுகளை அப்படியே நம்ப முடியாது. பிறந்த தேதி அறியாதவர்கள் முப்பது, நாற்பது என்று முழு எண்ணாகவே சொன்னார்கள்.

முதலில் குறைந்தது இறப்புதான். 1939இல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. 1965இல் செங்கல்பட்டில் மருத்துவக் கல்லூரி வந்தது. தமிழ்நாட்டில் 1971இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். 2020இல் 13 பேர். பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற உறுதி தாய்க்குக் கிடைத்த பிறகே பிறப்பும் தாழ்ந்தது. கருத்தடையைப் பெண்ணின் உரிமையாகப் பெரியார் முன்பே பேசி வைத்திருந்தார். 1956இல் சென்னை மாநிலம், தலைமைச் செயலாளர் ஆர்.ஏ.கோபாலசுவாமியின் முயற்சியால், கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை தரத் தொடங்கியது. பெண் கல்வியும் சத்துணவும் பேருந்து வசதியும் பிறப்பு குறைவதற்குத் துணை நின்றன. ஒரு பெண் பெறும் சராசரிப் பிள்ளைகள் 1971இல் 3.9, 2020இல் 1.4. இந்த மாற்றத்தில் பெரும்பங்கு தாய்மாருடையது. அறுவையின் சுமையையும் பெரும்பாலும் அவர்களே தாங்கினர்.

செங்கல்பட்டின் கணக்கில் ஒரு திரை உண்டு. மறைமலை நகர், மகேந்திரா சிட்டி, சிறுசேரி ஆகிய இடங்களுக்கு வேலை தேடி இளைஞர்கள் வந்து குவிந்தனர். 2001–2011இல் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம் 38.9 விழுக்காடு வளர்ந்தது. வந்தவர்களின் இளமை, மாவட்டத்தின் சராசரி வயதைத் தாழ்த்திக் காட்டுகிறது. செய்யூர், மதுராந்தகம் பக்கத்து ஏரிப்பாசன ஊர்களின் முதுமை அதில் மறைந்துபோகிறது. சிறுசேரி அமைந்த பழைய மகாபலிபுரம் சாலையை மட்டும் பார்த்து இம்மாவட்டத்தை இளமையானது என்று சொல்வது பிழை.

தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2011இல் 10.4 விழுக்காடு. 2031இல் அது 18.2 ஆகும் என்பது அரசு வல்லுநர் குழுவின் மதிப்பீடு. இன்றைய செங்கல்பட்டு 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதன் மக்கள்தொகையாகச் சொல்லப்படும் 25,56,244 என்பது 2011 கணக்கிலிருந்து பிரித்தெடுத்த எண். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பே இன்றைய எல்லைகளைக் கொண்ட இம்மாவட்டத்துக்கு எடுக்கப்படும் முதல் வயதுக் கணக்கு.