114.3 எங்கேயிருந்து வந்தது?

வீட்டுக் கார் வந்த கையோடு எங்களில் பலருக்கு முதல் ஆசை றிம் மாத்துறதுதான். கராச்சில் கேட்டால் "நாலு நட்டா, அஞ்சு நட்டா, நூறா, 114.3 ஆ?" எண்டு கேள்வி வரும். நூறு சரி. அதென்ன 114.3?

25.4 ஐ நாலரையால் பெருக்கிப் பாருங்கோ. அமெரிக்க, பிரித்தானியப் பட்டறைகள் ஆணிவட்டத்தை அங்குலத்தில் அளந்தன. நாலரை அங்குலம் 114.3 ஆனது, ஐந்தரை அங்குலம் 139.7 ஆனது. மில்லிமீற்றரில் வேலை செய்யும் ஜப்பான்காரரும் அந்த அளவுகளை அப்படியே வைத்துக்கொண்டார்கள். எங்கட அப்பப்பாமாரின் ஒஸ்ரின் கார்களை, 1952 இல் செய்த ஒப்பந்தத்தின்படி, நிசானும் உரிமம் பெற்றுக் கட்டியது. பழைய உலகின் பழக்கங்கள் அவ்வளவு இலகுவில் போவதில்லை. றிம்மின் விட்டத்தை இன்றும் அங்குலத்தில்தானே சொல்லுறோம்!

வார்ப்பு அலுமினியச் சில்லைப் பேர்பெறச் செய்தது 1924 இல் லியோன் நகரப் பந்தயத்துக்கு வந்த புகாட்டி 35. எட்டுத் தட்டையான ஆரங்கள், பிரேக் டிரம்மும் சில்லோடு ஒட்டினபடி. சில்லைக் கழற்றினால் டிரம்மும் கூட வரும், பிரேக்கை உடனே பார்க்கலாம். இவ்வளவு யோசித்துச் செய்தும் அந்தப் பந்தயத்தில் ரயர்கள் காலை வாரிவிட்டன. குடும்பக் கார்களுக்கோ மலிவான அழுத்திய இரும்புதான் வாய்த்தது.

அந்த இடைவெளியைக் குறைத்தது மினி. 1959 இல், வெறும் 10 அங்குலச் சில்லோடு, சின்னக் குடும்பத்துக்கெனச் செய்த கார். ரலியில் அது ஓடத் தொடங்க, மினிலைட் என்ற மக்னீசியச் சில்லு 1960களில் வந்தது. பந்தயக்காரருக்கு வேண்டியது பாரக் குறைவு. வீட்டுக்காரர் பார்த்தது வடிவை. மக்னீசியம் ஈரத்திலும் உப்பிலும் அரிக்கும் என்பதால், தெருவில் நிலைத்தது அலுமினியமே.

மினியின் ஆணிவட்டம் நாலு அங்குலம், அதாவது 101.6. 90களின் கொரோலாவுக்கு 100. வித்தியாசம் 1.6 மில்லிமீற்றர், கண்ணுக்குத் தெரியாது. இறுக்கினால் நட்டு ஏறிவிடவும் கூடும். ஆனால் ஆணி சாய்ந்து நிற்கும், ஓட ஓடக் களைக்கும். பின் சீற்றில் அம்மாவும் தங்கச்சியும் இருக்கும்போது அது முறியலாம். "ஏறிட்டுது, பிரச்சினையில்லை" எண்ட கதையை நாங்கள் நம்புவதில்லை. நட்டின் அடியையும் பார்க்கவேணும்: பல ரொயோட்டா அலோய்களுக்கு வொஷர் வைத்த தட்டை நட்டு, வெளிச்சந்தை றிம்களில் பெரும்பாலும் கூம்பு. தட்டைக் குழியில் கூம்பை இறுக்கினால் ஓரத்தில் மட்டுந்தான் பிடி.

விட்டத்தைக் கூட்டுவதிலும் கணக்கு இருக்கு. 175/70 13 ரயரின் முழு உயரம் 575 மில்லிமீற்றர் அளவு. றிம்மை 14 ஆக்கினால் 185/60 போடலாம், உயரம் 578 தான். ரயரின் பக்கச்சுவரை மெலிசாக்காமல் றிம்மை மட்டும் பெருப்பித்தால் வளைவில் மட்கார்ட்டில் உரசும், வேகமானியும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.