பெயருக்குள் ஒளிந்திருக்கும் எண்

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஆர்டர்களைக் கவனிக்கும் நிரலில் மூன்று நிலைகள் இருந்தன: வந்தது, அனுப்பியது, முடிந்தது. முதலாவதுக்குப் பிறகு ‘பொதி செய்தது’ என்று ஒன்றைப் புதிதாகச் செருகினேன். மறுநாள் காலையில், அனுப்பிவிட்ட பொருள்கள் எல்லாம் இன்னும் பொதி நிலையிலேயே இருப்பதாகத் திரை காட்டியது. தரவுத்தளத்தில் பெயர்கள் இல்லை. 0, 1, 2 என்ற எண்கள்தான் இருந்தன. வரிசையில் ஒருவர் நடுவில் நுழைந்தால் பின்னால் நிற்பவர்களின் எண் மாறிவிடும் அல்லவா, அதுதான் நடந்தது. தவறு முழுக்க என்னுடையது.

இப்படிப் பெயர்களை அடுக்கிவைக்கும் வகைக்கு ‘எனியூம்’ என்று பெயர். அதன் கதை பழையது. 1970இல் நிக்லாஸ் விர்த் வெளியிட்ட பாஸ்கல் மொழியில் பெயரும் எண்ணும் வேறு வேறு. எண் வேண்டுமென்றால் ‘ஆர்ட்’ என்ற செயல்கூறிடம் கேட்டு வாங்க வேண்டும். சி மொழி அவ்வளவு கண்டிப்பு காட்டவில்லை. 1989இன் தரப்படி அங்கே எனியூம் பெயர்கள் வெறும் முழு எண்களே. ஆகவே கிழமையையும் நிறத்தையும் கூட்டினாலும் மொழி தடுக்காது.

ஜாவா தொடக்கத்தில் எனியூமே இல்லாமல் வந்தது. 2004இல் வந்த ஜாவா 5இல்தான் அது சேர்ந்தது, அதுவும் முழுமையான பொருளாக. ‘ஆர்டினல்’ என்று கேட்டால் வரிசை எண் கிடைக்கும். ஆனால் பெரும்பாலோருக்கு இது தேவைப்படாது என்று ஜாவாவின் ஆவணமே சொல்கிறது. நான் அதைப் படிக்காமல் விட்டேன்.

சி ஷார்ப்பின் சிக்கல் வேறு. 2005இல் அதற்கு ‘ஜெனெரிக்’ வசதி வந்தது: எந்த வகைக்கும் பொருந்தும்படி ஒரே நிரலை எழுதலாம். ஆனால் ‘இந்த வகை ஏதோ ஓர் எனியூம்’ என்று நிபந்தனை போட 2018இன் 7.3 பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் அந்தப் பொது வகையை நேரடியாக முழு எண்ணாக மாற்ற கம்பைலர் விடுவதில்லை. காரணம் உண்டு. எனியூமுக்கு அடியில் இருப்பது ஒரு பைட்டாகவும் இருக்கலாம், 64 பிட் எண்ணாகவும் இருக்கலாம். ‘கன்வர்ட்’ வகுப்பின் வழியாக மாற்றலாம்; எண் 32 பிட்டுக்குள் அடங்காவிட்டால் அது பிழை சொல்லி நின்றுவிடும்.

முன்பெல்லாம் இதை மொழியின் பிடிவாதம் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ‘இந்த எண்ணை எதற்குக் கேட்கிறாய்?’ என்று ஒரு நொடி நிறுத்திக் கேட்பது போல இருக்கிறது.

நீங்களும் நிரல் எழுதப் பழகுகிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். எண்ணைச் சேமித்தே ஆக வேண்டுமானால், ஒவ்வொரு பெயருக்கும் அதன் எண்ணை நீங்களே எழுதிக் கொடுங்கள். வரிசையை நம்பாதீர்கள். நாளைக்கு யாரோ நடுவில் ஒரு பெயரைச் செருகுவார்கள். அது நீங்களாகவே இருக்கலாம்.