பழைய காரை ஓட்டிப் பார்க்கும்போது விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் யாருக்குக் கிடைக்கும்?

ஊரில் யாராவது கார் விற்கிறார் என்றால் வாட்ஸ்அப் குழுமத்தில் படம் வந்துவிடும். ஜும்ஆ முடிந்ததும் மச்சானையும் தெரிந்த மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போவோம். பானட்டைத் திறந்து பார்ப்போம், டயரைப் பார்ப்போம், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்போம். பிறகு உரிமையாளர் சாவியை நீட்டி, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க காக்கா" என்பார். விலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற நாம், இந்த ஒரு ரவுண்டில் ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை.

காப்பீடு குறித்த மார்க்க ரீதியான கருத்து வேறுபாடுகளுக்குள் இங்கே நாம் செல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146-ன்படி மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத வண்டி பொதுச் சாலையில் ஓடக் கூடாது. நாம் பேசப்போவது, அந்தக் காப்பீடு ஓட்டிப் பார்க்கும் நேரத்தில் எதுவரை கைகொடுக்கும் என்பதை மட்டுமே.

முதலில் ஒரு நல்ல செய்தி. நம் நாட்டில் காப்பீடு வண்டியைச் சேர்ந்தது. உரிமையாளரின் அனுமதியோடு, செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் உள்ள எவர் ஓட்டினாலும் தனியார் கார் பாலிசி செல்லும். எனவே நீங்கள் ஓட்டிப் பார்க்கும்போது சாலையில் செல்லும் ஒருவர் மீது மோதி அவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டால், விற்பவரின் பாலிசியிலிருந்து அவருக்கு இழப்பீடு கிடைக்கும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு இல்லை. நீதிமன்றம் நிர்ணயிக்கும் தொகையை நிறுவனம் கொடுக்க வேண்டும். அடுத்தவரின் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் தனியார் கார் பாலிசியில் 7.5 லட்சம் ரூபாய் என்று வரம்பு உண்டு.

ஆனால் அந்த பாலிசி உண்மையிலேயே உயிரோடு இருக்க வேண்டும். "இன்சூரன்ஸ் எல்லாம் கரெக்டா இருக்கு" என்ற வாய்வார்த்தையை நம்பாதீர்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடு எந்தத் தேதிவரை என்று தெரிந்துவிடும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2018 செப்டம்பரிலிருந்து புதிய கார் வாங்கும்போதே மூன்று ஆண்டுகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடுப்பது கட்டாயம். காரின் சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டைப் பலர் ஓராண்டுக்கு மட்டுமே எடுப்பார்கள். பிறகு புதுப்பிக்க மாட்டார்கள். செயலியில் தேதி சரியாகத்தான் காட்டும். விற்பவரும் பொய் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் நீங்கள் காரைச் சுவரில் இடித்தால் அந்தச் செலவுக்கு ஒரு பைசா வராது. அதனால் பாலிசியின் முதல் பக்கத்தையே கேட்டு வாங்கிப் பாருங்கள். சொந்தச் சேதத்துக்கு ஒரு தேதி, மூன்றாம் நபருக்கு ஒரு தேதி என்று தனித்தனியே அச்சிட்டிருப்பார்கள்.

காப்பீடே இல்லாத காரை ஓட்டிப் பார்த்துப் பிடிபட்டால், ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்த உரிமையாளரும் குற்றவாளிதான். முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இது சின்ன விஷயம். விபத்தில் ஒருவர் இறந்துவிட்டால் முழு இழப்பீடும் இவர்கள் இருவர் தலையில் விழும். வீட்டை விற்றுக் கட்ட வேண்டிய நிலை வரலாம்.

இனி, நம் குடும்பங்களில் பலர் அறியாத விஷயம். ஓட்டிப் பார்க்கிற உங்களுக்கே ஏதாவது ஆகிவிட்டால்?

"தேர்ட் பார்ட்டி இருக்கிறதே, வண்டி என்னுடையதல்லவே, அப்படியானால் நான் மூன்றாம் நபர்தானே" என்று தோன்றும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 2009-ல் நிங்கம்மா எதிர் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் சென்றவர் மாட்டுவண்டியில் மோதி இறந்துபோனார். யாருடைய தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லாத பிரிவின்கீழ் குடும்பம் இழப்பீடு கேட்டது. வண்டியை இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார், எனவே அந்தப் பிரிவின்படி அந்த வண்டியின் பாலிசியிலிருந்தே இழப்பீடு கேட்க முடியாது என்று நீதிமன்றம் கூறியது. 2020-ல் ராம்கிலாடி வழக்கிலும் இதே நிலைப்பாடுதான். அதில், உரிமையாளர்-ஓட்டுநருக்காக பாலிசியில் இருந்த 1 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துத் தொகையை மட்டும் கொடுக்கச் சொன்னார்கள்.

அந்தத் தனிநபர் விபத்துக் காப்பீடு இப்போது 15 லட்சம் ரூபாய். ஆனால் பதிவுச் சான்றில் பெயர் உள்ள உரிமையாளரே ஓட்டும்போது என்றுதான் பாலிசியின் வாசகம் இருக்கிறது. ஓட்டிப் பார்க்க வந்தவருக்கு நிறுவனம் அதைத் தானாக எடுத்துக் கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எதிரே வந்த லாரியின் தவறு என்றால் லாரியின் பாலிசியிலிருந்து உங்கள் குடும்பம் கேட்கலாம். அங்கே நீங்கள் மூன்றாம் நபர்தான். ஆனால் உங்கள் கவனக்குறைவால் புளியமரத்தில் மோதியிருந்தால், நீங்கள் ஓட்டிய காரின் பாலிசி உங்கள் பிள்ளைகளுக்குக் கைகொடுக்காது. சாலையில் போகிறவரைக் காக்கிற அதே தாள், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரைத்தான் மிகக் குறைவாகக் காக்கிறது. வண்டி வாங்கும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, குடும்பத்தில் சம்பாதிப்பவர் தம் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு வைத்திருந்தால் அது யாருடைய வண்டியில் போனாலும் கூடவே வரும்.

பின்சீட்டில் இருப்பவர்கள் கதை வேறு. ஓட்டிப் பார்க்கிறோம் என்று உம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கடற்கரை வரை போய் வருவது நம்மிடையே வழக்கம். முழுமையான பாலிசி என்றால் காரில் இருப்பவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2012-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெறும் மூன்றாம் நபர் பாலிசி என்றால், கட்டணமின்றி ஏறி வந்தவர்களுக்கு அது பொருந்தாது என்று 2006-ல் திலக் சிங் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. அது பைக்கின் பின்னால் அமர்ந்து சென்றவர் தொடர்பான வழக்கு. கார்களுக்கும் அதைக் காட்டியே நிறுவனங்கள் மறுக்கின்றன. அதனால் முதல் ஓட்டத்துக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். பிரேக் எப்படி இருக்கிறது என்றே தெரியாத வண்டி அது.

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் சகோதரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. விடுமுறைக்கு வந்து கார் வாங்குபவர்கள் பலர். அவர்களில் ஊர் உரிமம் காலாவதியானதைக் கவனிக்காதவர்களும் பலர். சவூதியிலோ துபையிலோ பத்து வருடம் ஓட்டிய அனுபவம் இருக்கலாம். இங்கே பாலிசி கேட்பது செல்லத்தக்க உரிமத்தை. முன்பு காலாவதியான பிறகும் 30 நாள் சலுகை இருந்தது. 2019 சட்டத் திருத்தத்தில் அது எடுக்கப்பட்டுவிட்டது. உரிமம் இல்லாதவரிடம் தெரிந்தே சாவியைக் கொடுத்திருந்தால், நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடமிருந்து வசூலிக்கலாம். ஆகவே விற்பவர்களே, "லைசென்ஸ் காட்டுங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்க வந்தவரின் பதினேழு வயது மகன் "நான் ஓட்டுறேன் மாமா" என்று சாவியைக் கேட்டால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சிறுவர் ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

புரோக்கர் மூலம் விற்கும்போது இன்னொரு சிக்கல். தனியார் கார் பாலிசியில், வாகன வியாபாரம் தொடர்பான பயன்பாட்டுக்கு இது பொருந்தாது என்று ஒரு வரி இருக்கும். நீங்களே உடன் இருந்து ஓட்டிப் பார்க்கக் கொடுப்பது வேறு. காரை ஒரு மாதம் புரோக்கரின் ஷெட்டில் விட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவர் சாவியைக் கொடுப்பது வேறு. பின்னதை வியாபாரப் பயன்பாடு என்று சொல்லி நிறுவனம் மறுக்க இடமிருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி டீலர்களுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரம் என்ற முறை வந்துள்ளது. வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் பதிவு செய்துவிட்டால் பொறுப்பும் அவருக்குப் போய்விடும். படிவம் இல்லாமல் ஒப்படைத்தால் பொறுப்பு உங்களிடமே நிற்கும்.

சாவியை வாங்கியவர் வண்டியோடு போய்விட்டால்? பாலிசியில் திருட்டு என்றுதான் எழுதியிருக்கிறது. நாமே கையில் கொடுத்துவிட்டு ஏமாந்தால், அது திருட்டா மோசடியா என்று வழக்காட வேண்டியிருக்கும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கொள்வது எளிது.

சின்னச் சேதங்கள்தான் உண்மையில் அதிகம் நடப்பவை. மனக்கசப்பும் அங்கேதான் வருகிறது. பம்பர் உடைந்தால் பாலிசியில் கேட்கலாம். ஆனால் 1500 சிசி வரை உள்ள காருக்கு முதல் 1,000 ரூபாயையும், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயையும் உரிமையாளர் ஏற்க வேண்டும். பம்பர் டு பம்பர் பாலிசி இல்லையென்றால் பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் பாதியும் அவருடையதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் சேர்த்த 50 சதவீத நோ கிளைம் போனஸ் அந்த ஒரே கிளைமில் போய்விடும். அந்த போனஸ் காருக்கல்ல, ஆளுக்கு உரியது. விற்ற பிறகு அடுத்த காருக்கு அவர் எடுத்துச் சென்றிருப்பார். இடித்தவர் ஒருவர், இழந்தவர் இன்னொருவர். இந்த இழப்பை யார் ஏற்பது என்று எந்த பாலிசியிலும் எழுதியிருக்காது. சாவி கைமாறும் முன், "ஓட்டும்போது சேதம் ஆனால் இன்சூரன்ஸில் வராத தொகை என் பொறுப்பு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிட்டால் போதும். உறவுக்காரர்களுக்கிடையே இது இன்னும் அவசியம்.

"அட்வான்ஸ் கொடுத்துட்டு ரெண்டு நாள் வச்சு ஓட்டிப் பாருங்க, பேர் மாத்துறத அப்புறம் பாத்துக்கலாம்" என்பதும் நம் ஊர் வழக்கம். பல கைகள் மாறியும் பெயர் மாற்றாமல் விடப்பட்ட காரால் நேர்ந்த விபத்தில், 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில், பதிவில் பெயர் உள்ள முதல் உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் வாங்கி வண்டியையும் கொடுத்தாகிவிட்டது என்ற வாதம் எடுபடவில்லை. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் படிவம் 29-ல் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் படிவம் 30 கொடுக்க வேண்டும். பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் காப்பீட்டு நிறுவனத்துக்கு 14 நாட்களுக்குள் எழுத வேண்டும். மூன்றாம் நபர் பாதுகாப்பு வண்டியோடு தானாக வந்துவிடும். சொந்தச் சேதப் பாதுகாப்பு அப்படி வராது. பெயர் மாற்றாத இடைவெளியில் கார் நொறுங்கினால் விற்றவருக்கும் கிடைக்காமல், வாங்கியவருக்கும் கிடைக்காமல் போகும்.

மீறி விபத்து நடந்துவிட்டால் காயம்பட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பது முதல் வேலை. போலீஸுக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தாமதமின்றி எழுத்தில் சொல்ல வேண்டும். அப்போது கூடியிருப்பவர்களில் ஒருவர், "ஓட்டினது ஓனர்னு போட்டுருங்க, ஈஸியா கிடைக்கும்" என்று யோசனை சொல்வார். அதைக் கேட்காதீர்கள். யார் ஓட்டினாரோ அவர் பெயரையே கொடுங்கள். உரிமம் உள்ளவர் அனுமதியோடு ஓட்டியிருந்தால் பாலிசி எப்படியும் செல்லும். பெயரை மாற்றிச் சொன்னது சர்வேயரின் விசாரணையிலோ கேமராப் பதிவிலோ தெரிந்துவிட்டால், வரவேண்டிய பணமும் நின்றுபோகும், பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கான வழக்கும் சேரும்.