ஆள் பார்க்கும் விதியும் ஆள் பாராத விதியும்: அறிவியல் புனைகதைக்கும் மிகுபுனைவுக்கும் இடையிலான எல்லை

1. சிக்கல்

ஜூல் வெர்ன் 1865இல் வெளியிட்ட நாவலில், 900 அடி நீளப் பீரங்கி ஒன்று அலுமினியக் கூடு ஒன்றை நிலவை நோக்கிச் சுடுகிறது. கூட்டுக்குள் மூன்று பேர் இருக்கிறார்கள். எச். ஜி. வெல்ஸ் 1901இல் வெளியிட்ட நிலவுப்பயண நாவலில், ஈர்ப்பு விசையைத் தடுக்கும் கேவரைட் என்ற கற்பனைப் பொருளால் ஒரு கோளம் மேலே போகிறது. தன் முதிய வயதில் அளித்த பேட்டியொன்றில் வெர்ன் இதைக் குறைகூறினார். தான் இயற்பியலைக் கொண்டு எழுதுவதாகவும், வெல்ஸ் இல்லாத பொருளை இட்டுக்கட்டுவதாகவும் அவர் கருதினார்.

வெர்னின் பீரங்கியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் குறைகூறல் நிற்பதில்லை. 900 அடி என்பது சுமார் 274 மீட்டர். இந்தத் தொலைவுக்குள் கூடு நொடிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டும். அதற்கான முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 20,000 மடங்குக்கு மேல் வரும். அதிர்ச்சியைத் தாங்க வெர்ன் கூட்டின் அடியில் தண்ணீர் அடுக்கு அமைத்திருக்கிறார். அது எந்த மூலைக்கும் போதாது. பீரங்கி வெடித்த கணத்திலேயே மூவரும் நசுங்கியிருப்பார்கள். ஆக, வெல்ஸின் பயணம் எவ்வளவு நடக்காததோ வெர்னின் பயணமும் அவ்வளவு நடக்காதது. ஆயினும் இருவரையும் அறிவியல் புனைகதையின் முன்னோர் என்றே இலக்கிய வரலாறு ஏற்றுக்கொண்டிருக்கிறது. நடக்கக்கூடியது அறிவியல் புனைகதை, நடக்காதது மிகுபுனைவு என்ற பரவலான பிரிப்பு தொடக்கத்திலேயே உடைந்துபோகிறது. கோடு எங்கே விழுகிறது என்பதை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

2. இதுவரை வரையப்பட்ட கோடுகள்

எளிய கோடு பொருள்களை வைத்து வரையப்படுவது. விண்கலம் வந்தால் ஒரு வகை, டிராகன் வந்தால் மற்றொரு வகை. ஆனால் ஆன் மெக்காஃப்ரியின் பெர்ன் உலகம், அறிவியல் புனைகதைக்கென்றே நடந்த 'அனலாக்' இதழில் 1967இல் டிராகன்களோடுதான் அறிமுகமானது. 1968இல் ஹ்யூகோ விருதும் பெற்றது.

இரண்டாவது கோடு தர்க்க ஒழுங்கு. மிகுபுனைவில் எதுவும் நடக்கலாம், அறிவியல் புனைகதையில் எதற்கும் காரணம் வேண்டும் என்பார்கள். பதிப்பாசிரியர் ஜான் கேம்பல் 'அஸ்டவுண்டிங்' என்ற அறிவியல் புனைகதை இதழை நடத்திக்கொண்டே, 1939 முதல் 1943 வரை மிகுபுனைவுக்காக 'அன்னோன்' என்ற இதழையும் நடத்தினார். எழுத்தாளர்கள் பலர் இரண்டிலும் எழுதினார்கள். மந்திரக் கதையிலும் கறாரான தர்க்கத்தை அவர் எதிர்பார்த்தார். ஸ்பிரேக் டி கேம்ப்பும் ஃபிளெட்சர் பிராட்டும் 1940இல் 'அன்னோன்' இதழில் தொடங்கிய கதைவரிசையில், ஓர் உளவியலாளர் குறியீட்டுத் தர்க்கச் சூத்திரங்களைச் சொல்லியே நார்ஸ் புராண உலகுக்குள் நுழைகிறார். அங்கே மந்திரத்துக்கு விதிகள் உண்டு, அவை மீறப்படுவதில்லை. ஒழுங்கு இரு வகைக்கும் பொதுவாகிவிட்டது.

மூன்றாவது கோட்டைத் திறனாய்வாளர் தார்கோ சுவின் வரைந்தார். 1979இல் வந்த நூலில் அவர், நமக்குப் பழகிய உலகை அறிதலின் வழியே அந்நியமாக்கிக் காட்டும் இலக்கியம் என்று அறிவியல் புனைகதையை வரையறுத்தார். கதையை இயக்கும் புதுமைக்கூறு அறிதலுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையால் மிகுபுனைவு வெளியே தள்ளப்பட்டது. கார்ல் ஃப்ரீட்மன் 2000இல் இதைத் திருத்தினார்: அறிதல் மெய்யாக இருக்க வேண்டியதில்லை, அறிதல் நிகழ்வதான விளைவைப் பனுவல் உண்டாக்கினால் போதும். 2009இல் சைனா மியவில் இதன் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்கினார். விளைவுதான் அளவுகோல் என்றால், வாசகரை இணங்கவைக்கும் ஆசிரியரின் அதிகாரத்தைத்தான் அறிதல் என்ற பெயரில் அளக்கிறோம் என்பது அவர் வாதத்தின் சாரம். இந்த மறுப்பு வலுவானது. எனவே புதிய அளவுகோல் ஆசிரியரின் காலத்து அறிவியலையோ அவருடைய சொல்வன்மையையோ நம்பியிராமல், கதையுலகின் நடத்தையிலேயே காணக் கிடைக்க வேண்டும்.

3. முன்வைக்கும் அளவுகோல்

கதையுலகின் விதி ஆள் பார்க்கிறதா? இந்தக் கட்டுரை முன்வைக்கும் கேள்வி இதுதான். ஒருவருடைய தகுதி, பெயர், பிறப்புரிமை, சபதம், பாவம், கற்பு ஆகியவற்றை உலகமே அறிந்து அதற்கேற்ப நடந்துகொண்டால் நாம் மிகுபுனைவில் இருக்கிறோம். யார் செய்தாலும் அதே செயலுக்கு அதே விளைவு என்றால், அந்த விளைவு எவ்வளவு நம்பமுடியாததாக இருந்தாலும், அறிவியல் புனைகதையில் இருக்கிறோம். இதை ஒட்டிய கருத்தொன்றை எழுத்தாளர் டெட் சியாங் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: பிரபஞ்சம் சில மனிதரைத் தனித்து அடையாளம் காண்பது மந்திரத்தின் இயல்பு. அதை ஏற்று இரண்டு கூறுகளை இங்கே சேர்க்கிறேன். ஒன்று, விதி பார்ப்பது ஆளை மட்டுமல்ல, மனிதர் கற்பிக்கும் அர்த்தத்தையும்தான். மற்றொன்று, இந்தக் கோடு படைப்புகளுக்கு இடையில் ஓடுவதைப்போலவே ஒரே படைப்புக்குள்ளும் ஓடும்.

வெல்ஸின் கோளத்தை இப்போது பார்க்கலாம். கேவரைட்டைக் கண்டுபிடித்தவர் கேவர் என்ற ஆய்வாளர். நிலவிலிருந்து தனியே திரும்பி வருபவரோ பெட்ஃபோர்டு, தொழிலில் நொடித்துப்போனவர், அறிவியல் அறியாதவர், பேராசைக்காரர். கேவரைட் மறைப்புகளைத் திறந்து மூடி அவர் பூமிக்கு வந்து சேர்கிறார். அவர் கடற்கரையில் விட்டுவந்த கோளத்துக்குள் ஊர்ச்சிறுவன் ஒருவன் ஏறிவிட, கோளம் அவனையும் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. மேதையா, கடன்காரரா, விளையாட்டுப் பிள்ளையா என்று கோளம் கேட்கவில்லை. பொருள் பொய்யானது; அதன் நடத்தை அறிவியல் புனைகதைக்கு உரியது.

4. இரண்டு வான ஊர்திகள்

தமிழ் வாசகருக்கு இந்த வேறுபாட்டைக் கூர்மையாகக் காட்டும் சான்றுகள் நம் காப்பியங்களிலேயே உள்ளன. அறிவியல் புனைகதை என்ற இலக்கிய வகை பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. அதை முற்காலத்துக்குக் கொண்டுபோவது என் நோக்கமன்று. வகை புதியது, விதி ஆள் பார்ப்பதும் பாராததும் கதைசொல்லலில் பழையவை.

இராமாயணப் போரில் இராமன் வீழ்ந்து கிடப்பதைக் காட்டுவதற்காக அரக்கியர் சீதையைப் புட்பக விமானத்தில் ஏற்றிக் களத்துக்குக் கொண்டுசெல்கிறார்கள். சீதை உடைந்து அழுகிறாள். உடனிருக்கும் திரிசடை அவளைத் தேற்றச் சொல்லும் வாதம் வான்மீகியிலும் உண்டு, கம்பனிலும் உண்டு: கணவனை இழந்தவளை இந்த விமானம் தாங்காது; உன்னைத் தாங்குகிறதென்றால் இராமன் உயிரோடிருக்கிறான். சான்றிலிருந்து முடிவுக்குப் போகும் குறையற்ற அனுமானம் இது. ஆனால் அதன் அடிப்படை, விமானம் தன்மேல் இருப்பவள் சுமங்கலியா என்பதை அறியும் என்பது. ஊர்தியே மங்கலத்தைப் படிக்கிறது. மணிமேகலையின் அமுதசுரபியும் இப்படிப்பட்டதே. கற்பில் சிறந்த ஆதிரையின் கையிலிருந்து அது முதல் பிச்சையை ஏற்க வேண்டியிருக்கிறது.

சீவகசிந்தாமணியின் மயிற்பொறி வேறு உலகத்தது. மன்னன் சச்சந்தன் தன் அரசி விசயைக்காக அதைச் செய்விக்கிறான். துணி, பசை, நூல், அரக்கு, மெழுகு ஆகியவற்றைக் கொண்டு தச்சன் ஏழு நாளில் அதை முடித்ததாகத் திருத்தக்கதேவர் சொல்கிறார். விசயை பயின்று அதை ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். வலப்புறம் திருகினால் மயில் மேகத்தை நோக்கி எழும்; இடப்புறம் திருகினால் கால் குவித்துத் தரையில் இறங்கும். வஞ்சக அமைச்சன் கட்டியங்காரன் அரண்மனையைச் சூழ்ந்தபோது நிறைமாதக் கர்ப்பிணியான அவள் அதில் ஏறித் தப்புகிறாள். வானத்தில் இருக்கும்போது பகைவரின் வெற்றி முரசம் கேட்கிறது; கணவன் மாண்டான் என்பது அதன் பொருள். அவள் மயங்கிச் சோர, மயில் சுடுகாட்டில் இறங்குகிறது.

புட்பகத்தின் விதிப்படி விசயை அந்தக் கணத்திலேயே கீழே விழுந்திருக்க வேண்டும். மயிற்பொறிக்கு அவள் கைம்பெண் ஆனது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் திருகும் கையும் ஓய்ந்த கையும் மட்டுமே. இரண்டு ஊர்திகளும் பறக்கின்றன, இரண்டும் நம்பமுடியாதவை, இரண்டிலும் துயருற்ற அரசி ஒருத்தி இருக்கிறாள். கணவனின் இறப்பை ஊர்தி அறிகிறதா என்ற ஒரே இடத்தில் அவை எதிரெதிராகப் பிரிகின்றன.

அடுத்த காட்சியில் சிந்தாமணி கோட்டைக் கடந்துவிடுகிறது. சுடுகாட்டில் அவள் மகன் சீவகன் பிறந்ததும் தெய்வம் ஒன்று சண்பகமாலை என்ற தோழியின் உருவில் வந்து துணைநிற்கிறது. பிறந்த பிள்ளை யார் என்பது அந்த உலகுக்குத் தெரியும். ஒரே இலம்பகத்துக்குள், சில பாடல் இடைவெளியில், ஆள் பாராத பொறியும் ஆள் பார்க்கும் தெய்வமும் அடுத்தடுத்து வருகின்றன. ஒரு படைப்பை முழுமையாக ஒரு வகைக்குள் அடைக்க முயலும் திறனாய்வு இந்த நுட்பத்தைத் தவறவிடும்.

5. எல்லையில் நிற்கும் படைப்புகள்

அளவுகோலைக் கடினமான சான்றுகளில் உரசிப் பார்க்க வேண்டும். பெர்னின் டிராகன் முட்டையிலிருந்து வெளிவந்ததும் தனக்குரிய வீரரைத் தானே தேர்கிறது. இது ஆள் பார்ப்பதுதானே என்று கேட்கலாம். தேர்வது ஓர் உயிரினம், உலகத்தின் விதியன்று. குடியேறிய மனிதர்கள் சிற்றுயிர்களிலிருந்து மரபணு மாற்றத்தால் உருவாக்கியவை அந்த டிராகன்கள் என்று வரிசையின் பிற்கால நாவல்கள் விரிவாகச் சொல்கின்றன. விலங்கின் விருப்பத்தையும் பிரபஞ்சத்தின் விருப்பத்தையும் வேறுபடுத்தினால் குழப்பம் தீர்கிறது.

உர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட எர்த்சீ நாவலில் மந்திரம் பள்ளியில் கற்பிக்கப்படுகிறது. கற்பிக்க முடிவதால் அது அறிவியலாகிவிடுமா? ஆகாது. அங்கே ஒரு பொருள் தன் உண்மைப் பெயருக்குச் செவிசாய்க்கிறது. கெட் என்னும் இளைஞனின் செருக்கு நிழலாக உருவெடுத்து அவனையே துரத்துகிறது. உலகம் அர்த்தத்தையும் அறத்தையும் கேட்டு நடக்கிறது. பாடத்திட்டம் அதை மாற்றவில்லை.

இதற்கு நேரெதிர் டெட் சியாங்கின் 2019ஆம் ஆண்டுக் கதை 'ஓம்ஃபலோஸ்'. அந்த உலகில் படைப்புக் கொள்கையே உண்மை. ஆதி மரங்களின் நடுப்பகுதியில் ஆண்டு வளையம் இல்லை. ஆதி மனிதரின் உடல்களில் தொப்புள் இல்லை. ஆனால் அவற்றை எவரும் எடுத்து எண்ணலாம், அளக்கலாம், பக்தரும் மற்றவரும் ஒரே விடையைப் பெறுவார்கள். அந்த உலகில் நடக்கும் இத்தகைய ஆய்வே, இறைவனின் கவனம் தம்மீது இல்லையோ என்ற ஐயத்துக்குக் கதைமாந்தரைக் கொண்டுசெல்கிறது. நம் அறிவியலுக்கு முற்றிலும் முரணான உண்மைகளை வைத்துக்கொண்டு அறிவியல் புனைகதையாகவே நிற்கும் கதை இது.

விளக்கம் சொல்லிவிட்டால் கோடு நகர்ந்துவிடும் என்பதும் பிழை. 1977இல் தொடங்கிய 'ஸ்டார் வார்ஸ்' திரைவரிசை, தன் மறைவிசைக்கு 1999இல் வந்த படத்தில் உயிரணுக்களில் வாழும் நுண்ணுயிர்களைக் காரணமாகக் காட்டியது. தீர்க்கதரிசனம் சுட்டிய சிறுவனும் அதே படத்தில்தான் வருகிறான். நுண்ணுயிர் விளக்கம் வந்தும் உலகம் ஆள் பார்ப்பதை விடவில்லை. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவலில் (1965) மீட்பர் பற்றிய முன்னறிவிப்பு உண்டு. ஆனால் பாலைநில மக்களிடையே அந்த நம்பிக்கையை முன்கூட்டியே விதைத்து வைத்தது ஒரு பெண் துறவியர் அமைப்பு. நாவலின் நாயகன் பால் அந்த நம்பிக்கையைத் தனக்குப் பயன்படுத்திக்கொள்கிறான். விதி ஆள் பார்ப்பதுபோலத் தோன்றுமாறு மனிதர்கள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். டியூனின் அரசியல் கூர்மை பெரிதும் இதிலிருந்தே பிறக்கிறது.

6. ஒரு மறுப்பும் ஓர் எச்சரிக்கையும்

டெலிபதி போன்ற பிறவி ஆற்றல்கள் அறிவியல் புனைகதையில் நிறைந்திருக்கின்றனவே, அவை ஆள் பார்ப்பவை அல்லவா என்பது எதிர்பார்க்கத்தக்க மறுப்பு. கூரிய கண்பார்வை சிலருக்கு மட்டும் வாய்க்கிறது. அதனால் ஒளியியல் ஆள் பார்ப்பதாகிவிடாது. உடலில் உள்ள வேறுபாடு ஒன்று, தகுதியில் உள்ள வேறுபாடு மற்றொன்று. கொடியவனுக்கும் நல்லவனுக்கும் ஒரேபோல வாய்க்கக்கூடிய ஆற்றல் இயற்கையின் பக்கம் நிற்கிறது.

எச்சரிக்கை இதைவிட முக்கியமானது. டாம் காட்வின் 1954இல் 'அஸ்டவுண்டிங்' இதழில் எழுதிய 'த கோல்ட் ஈக்வேஷன்ஸ்' கதையில், அவசர மருந்து கொண்டுசெல்லும் சிறு விண்கலத்தில் ஓர் இளம்பெண் அண்ணனைப் பார்க்கும் ஆசையில் ஒளிந்து ஏறிவிடுகிறாள். எரிபொருள் ஓட்டுநரின் எடைக்கு மட்டுமே அளந்து நிரப்பப்பட்டது. அவள் வெளியேற்றப்படுகிறாள். ஆள் பாராத விதிக்கு இதைவிடக் கறாரான எடுத்துக்காட்டு இல்லை என்று இக்கதையைப் பலர் போற்றியிருக்கிறார்கள். பிற்காலத் திறனாய்வாளர்கள் சரியான கேள்வியை எழுப்பினார்கள்: துளியும் மிச்சமின்றி எரிபொருள் நிரப்பியது யார்? ஏறும் வழியில் ஒரு காவலைக்கூட வைக்காதது யார்? எரிபொருள் கணக்கு இயற்கையுடையது. மிச்சம் வைக்காத முடிவு நிர்வாகத்துடையது. மனிதர் எடுத்த முடிவைக் கதை இயற்பியலின் தலையில் கட்டிவிடுகிறது. ஆள் பாராத விதியைச் சொல்லும் எழுத்துக்கு இந்தச் சோதனை எப்போதும் உண்டு. விதியையும் ஏற்பாட்டையும் பிரித்துக் காட்டுவது அந்த வகையின் அறப்பொறுப்பு.

7. முடிவு

இந்த அளவுகோல் ஒரு வகையை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தவில்லை; சுவினின் வரையறையிலிருந்து இது பெரிதும் விலகும் இடம் அதுவே. நம் துயரத்தையும் நம் நேர்மையையும் உலகம் அறியுமானால் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று மிகுபுனைவு ஆராய்கிறது. உலகம் அவற்றை அறியாது என்றான பின் நாம் ஒருவருக்கொருவர் என்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்று அறிவியல் புனைகதை ஆராய்கிறது. இரண்டும் மனிதருக்குத் தேவையான கேள்விகள்.

தமிழில் எழுதுவோருக்கும் இதில் பயன் உண்டு. சித்தர் மரபின் ரசவாதத்தை ஒருவர் கதையாக்கும்போது, குருவருள் பெற்றவனுக்கு மட்டும் செம்பு பொன்னாகுமா, முறையறிந்த எவனுக்கும் ஆகுமா என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும். கதையின் திசையை அந்த முடிவே தீர்மானிக்கும். திறனாய்வாளருக்கும் இது பொருந்தும். புட்பக விமானத்தைப் பழங்கால வானூர்தி என்று கொண்டாடுவோர், ஒரு பெண்ணின் துயரத்தில் அவளுக்காகச் சாட்சி சொன்ன ஊர்தியை வெறும் எந்திரமாகக் குறைக்கிறார்கள். மயிற்பொறியைப் புராண மாயம் என்று ஒதுக்குவோர், மெழுகும் அரக்கும் கொண்டு அதைச் செய்த தச்சனையும், திருகைப் பழகிக்கொண்ட அரசியையும் மறக்கிறார்கள். இரண்டையும் அவற்றின் விதியோடு வாசிப்பதே இலக்கியத்துக்கும் அறிவியலுக்கும் நாம் செய்யும் நியாயம்.