பிடிமண்ணில் பிறக்கும் குதிரை

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் அய்யனாருக்குப் புரவி எடுப்பதென்று ஊர் கூடி முடிவெடுத்துவிட்டால், முதல் காரியம் பிடிமண் கொடுப்பது. கோயில் மண்ணில் ஒரு பிடி அள்ளி, வெற்றிலை பாக்கும் முன்பணமும் சேர்த்துத் தட்டில் வைத்து வேளாரிடம் நீட்டுவார்கள். அவர் வாங்கிக்கொண்டால் பேச்சு முடிந்தது. பத்திரம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். கண்மாயிலிருந்து கொண்டுவந்து குவித்திருக்கும் களிமண்ணோடு அந்த ஒரு பிடியும் கலந்துவிடும். அதன்பின் எழும்பும் குதிரை அந்த ஊர்க் குதிரை.

வேளார் என்பது மண்பாண்டத் தொழில் செய்யும் குயவர்கள் இந்தப் பகுதியில் தாங்கும் பெயர். பல அய்யனார் கோயில்களில் பூசாரியும் அவர்தான். சாமிக்குக் குதிரை செய்பவரும், அந்தக் குதிரையின் கண் திறந்து தீபம் காட்டுபவரும் ஒரே ஆளாக இருப்பது சாதாரணமாகக் கடந்துபோகக்கூடிய செய்தி அல்ல.

மண்ணை ஆளுயரத்துக்கு எழுப்பிச் சுடும் திறமை இங்கே மிகப் பழையது. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டினார். பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். வெளிவந்தவை முதுமக்கள் தாழிகள். இறந்தவரைக் குந்தவைத்து அடக்கம் செய்யக்கூடிய அளவுக்கு அகன்ற வயிறு கொண்டவையும் அவற்றில் உண்டு. பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் தெரியவந்ததாகத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. புறநானூற்றின் 228, 256 ஆகிய இரண்டு பாடல்களும் தாழி செய்யும் குயவரை நேரே விளித்துப் பேசுகின்றன. ஒன்று, சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது; சூளையிலிருந்து வானத்துக்கு எழும் புகை அதில் வருகிறது. மற்றொன்றில் கணவனை இழந்த பெண், தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்கிறாள். துக்கத்தின் உச்சியில் நிற்பவர்கள் பேச நினைத்த ஆள் குயவர்!

அந்தக் காலத்துக் கலங்களில் உள்ளும் வாயும் கறுத்து, வெளிப்புறம் சிவந்திருப்பவை ஏராளம். கறுப்பு சிவப்புக் கலம் என்று தொல்லியலாளர்கள் சொல்வது இதைத்தான். சாயம் எதுவும் இல்லை. கலத்தைக் கவிழ்த்து, வாயும் உட்புறமும் காற்றுப் படாதபடி உமி, சாம்பல் போன்றவற்றில் புதைத்துச் சுட்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. காற்று பட்ட இடத்தில் மண்ணிலுள்ள இரும்புச்சத்து சிவக்கிறது; படாத இடம் கரியேறிக் கறுக்கிறது. ஒரே மண், ஒரே தீ, இரண்டு நிறம்.

குதிரைக்கு வருவோம். கண்மாய்க் களிமண்ணை அப்படியே எடுத்துக் குதிரை செய்ய முடியாது, காயும்போதே வெடித்துவிடும். அதில் மணலும் உமி அல்லது நறுக்கிய வைக்கோலும் சேர்த்துக் காலால் மிதித்துப் பதமாக்குவார்கள். மணல் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும். உமி தீயில் எரிந்துபோய் நுண்ணிய துளைகளை விட்டுச்செல்லும், நீராவி அந்த வழியாக வெளியேறும். நான்கு கால்களும் உள்ளே கூடான குழாய்கள். அவை பாரம் தாங்கும் அளவுக்கு இறுகிய பிறகுதான் வயிறு. கயிறு போல உருட்டிய மண்ணைச் சுற்றிச் சுற்றி ஏற்றி, உள்ளே கல்லை அணைகொடுத்து, வெளியே பலகையால் தட்டிக்கொண்டே போவார்கள். அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஏற்றினால் கீழ்மண் பிதுங்கிக் குதிரை உட்கார்ந்துவிடும். அன்றைய வேலை நின்ற விளிம்பில் ஈரத்துணியைப் போர்த்திவிட்டு மறுநாள் தொடர வேண்டும். கழுத்து, தலை, சேணம், மணிமாலை எல்லாம் கடைசியில்.

மிகப் பெரிய குதிரைகளைச் சூளைக்குத் தூக்கிப் போக முடியாது, சூளைதான் குதிரையிடம் வர வேண்டும். நின்ற இடத்திலேயே சுற்றிலும் விறகு, வரட்டி, தென்னை மட்டை அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பிச் சேற்றால் மெழுகுவார்கள். தொடக்கத்தில் தீ சிறியதாகவே இருக்க வேண்டும். மண்ணுக்குள் மிச்சமிருக்கும் ஈரம் திடீரென்று ஆவியானால் வயிறு தெறித்துவிடும். மாதக்கணக்கான உழைப்பு அந்த ஒரு சத்தத்தோடு போயிற்று. ஈரம் முழுக்க வெளியேறிய பிறகே தீயைக் கூட்டலாம். சுமார் 600 டிகிரியைத் தாண்டினால் மண் திரும்ப மண்ணாகாது. எத்தனை மழை பெய்தாலும் கரையாது. இதை அளக்க வேளாரிடம் கருவி கிடையாது, மெழுகின் விரிசலுக்குள் தெரியும் தணலின் நிறமே கணக்கு. ஆறவிட்டுப் பிரித்தால் விலாவில் எங்காவது ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். அந்த இடத்தில் சாம்பல் மூடிக் காற்றை அடைத்திருக்கிறது. ஆதிச்சநல்லூர்க் கலத்தில் வேண்டுமென்றே வரவழைத்த கறுப்பு, இங்கே தானாக வந்து உட்காருகிறது. பிறகு சுண்ணாம்பும் வண்ணமும் அதை மறைத்துவிடும்.

புரவி எடுப்பு நாளில், தூக்க முடிந்த அளவுக் குதிரைகளை ஊரே தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகும். கொண்டுபோய் நிறுத்தியபின் பராமரிப்பு என்று ஒன்றும் இல்லை. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் வழியில் நமணசமுத்திரத்தில் பார்க்கலாம்: வரிசை வரிசையாக மண்குதிரைகள், முன்வரிசை புதிதாக, பின்வரிசை காது உடைந்து, கால் போய், வேர்களுக்குள் சாய்ந்து. இது அலட்சியம் அல்ல. மதுரை வேளார்களைப் பற்றி ஆராய்ந்த கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிஸ், செய்வதும் சிதைவதும் திரும்பச் செய்வதும் சேர்ந்ததே இந்தக் கலை என்று காட்டினார். டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கும் அய்யனார் குதிரைகள் அழகானவைதான். ஆனால் அவற்றுக்குப் பின்னால் அடுத்த வரிசை வந்து நிற்கப்போவதில்லை.

இப்போது பல ஊர்களில் சிமெண்டுக் குதிரை வந்துவிட்டது. ஒருமுறை கட்டினால் போதும் என்பது ஊருக்கு வசதி. ஆனால் அடுத்த பிடிமண்ணுக்கு அங்கே வேலை இல்லை. இதைவிடப் பெரிய இடி கண்மாயில் விழுந்தது. மண்ணெடுப்பது கனிம விதிகளுக்குள் வந்த பிறகு, பாட்டன் காலத்திலிருந்து அள்ளிய மண்ணுக்கு மனு எழுதிக் காத்திருக்கும் நிலை வேளாருக்கு ஏற்பட்டது. 1959-ஆம் ஆண்டின் சிறுகனிம விதிகளே மண்பாண்டத் தொழிலுக்குச் சலுகை தந்திருந்தும், அனுமதி வாங்கி முடிப்பதற்குள் வெயில் மாதங்கள் ஓடிவிடும். மழை தொடங்கினால் செய்தது காயாது, சூளையும் மூட்ட முடியாது. வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024-இல் அரசு நடைமுறையை எளிதாக்கியது. தாமதமான நியாயம் என்றாலும் நியாயமே.

மண் வந்து சேர்ந்த முற்றங்களில் சூளை இன்னமும் பழைய முறையில்தான் மூட்டப்படுகிறது. போன சூளையில் வெடித்த பானைகளின் ஓடுகளை வேளார் வீட்டார் எறிவதில்லை, மூலையில் குவித்திருப்பார்கள். அடுத்த சூளையை அடுக்கி முடித்ததும், வைக்கோலுக்குக் கீழே மூடாக்குப் போட முதலில் எடுப்பது அந்த ஓடுகளைத்தான்.